டர்போவைக் கழற்றுவதற்கு முன்

வண்டி இழுக்கவில்லை. பிக்கப் போய்விட்டது. மிதித்தால் கறுப்பாகப் புகை தள்ளுகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0299 என்ற பிழைக் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வருகிறது. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் அடுத்த பேச்சு "டர்போ போச்சு" என்பதுதான். ஆனால் அந்தக் கோடு அப்படிச் சொல்லவே இல்லை. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) வரவில்லை, அவ்வளவுதான் அது சொல்வது. ஏன் வரவில்லை என்று அதற்கும் தெரியாது. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பாகம்) ஹோஸ் கிழிந்தாலும், விரல் தடிமன்கூட இல்லாத வாக்யூம் டியூப் கழன்றாலும், ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடுவது) மூடாமல் நின்றாலும், சைலன்சர் பக்கம் அடைத்தாலும் வருவது அதே கோடுதான்.

டர்போ தானாகச் சாவது குறைவு. ஆயில் வராமலோ, தூசி உள்ளே போயோ, பக்கத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று கெட்டோதான் பெரும்பாலும் அது சாகிறது. காரணத்தைப் பிடிக்காமல் புதிய டர்போவைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். அதனால் சோதனையை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். டர்போவில் கை வைப்பது கடைசியில்.

அமைப்பு எளிமையானது. எக்ஸாஸ்ட் வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சிறிய கார் டர்போக்களில் ஷாஃப்டின் வேகம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்த ஷாஃப்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷாஃப்டில் பெரும்பாலும் ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன இரும்பு வளையங்கள்தான். இரண்டு பக்கத்திலும் உள்ள காற்று அழுத்தமும், ஆயில் தடையில்லாமல் கீழே இறங்குவதும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே நிறுத்திவைக்கின்றன. ஆயில் கசிவு பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

<b>முதலில் காது, பிறகு கேள்வி</b>

ஓட்டுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சாவியை அணைத்து மறுபடி போட்டால் வண்டி சரியாகிவிடுகிறதா? ஆமாம் என்றால் அது லிம்ப் மோடு. ஈசியூ ஏதோ ஒன்றைப் பார்த்துப் பயந்து பவரைக் குறைத்திருக்கிறது. மேட்டில் அல்லது ஓவர்டேக்கில் முழுதாக மிதித்தபோது சட்டென்று பவர் விழுந்து, நிறுத்தி எடுத்ததும் திரும்பினால், டீசல் வண்டியில் என் முதல் சந்தேகம் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும் வேன்கள் (டர்பைனுக்கு வாயு பாயும் வழியைக் குறுக்கி விரிக்கும் சிறு தகடுகள்) மேல்தான். சாவி போட்டு எடுத்தும் எப்போதும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் ஹோஸ் கசிவு, வாக்யூம் கசிவு, அடைப்பு என்று பார்க்க வேண்டும்.

சத்தமும் நிறையச் சொல்லும். மிதிக்கும்போது மட்டும் 'உஸ்ஸ்' என்று காற்று பீறிடும் சத்தம் வந்தால் அழுத்தப் பக்கம் கசிவு. ஆம்புலன்ஸ் சைரன் போல வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் சக்கரம் சமநிலை இழந்திருக்கிறது, அல்லது பிளேடு அடிவாங்கியிருக்கிறது. இந்தச் சத்தம் கேட்டால் வண்டியை மேலே ஓட்டாதீர்கள். சக்கரம் உடைந்தால் அந்தத் துண்டுகள் போகிற இடம் இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சின். எக்ஸாஸ்ட் பக்கம் 'புஸ் புஸ்' என்று வந்து, மேனிஃபோல்டு ஜாயின்டில் கறுப்புக் கரிக் கோடு தெரிந்தால், டர்பைனுக்குப் போக வேண்டிய வாயு வழியிலேயே வெளியேறுகிறது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் தகரம் அதிர்வது போலச் சத்தம் வந்தால் வேஸ்ட்கேட் (மிஞ்சிய வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) மூடியின் முளை (பின்) தேய்ந்திருக்கும்.

<b>ஸ்கேனரில் கோடு மட்டும் போதாது</b>

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பூஸ்ட் சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கடல் மட்டத்தில் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 1000 மீட்டர் உயரத்தில் 90 அளவில், 2000 மீட்டரில் 80 அளவில் இருக்கும். வண்டியில் தனியாக பாரோமீட்டர் சென்சார் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஓடாத எஞ்சினில் ஒன்று 100, இன்னொன்று 112 என்றால் சென்சாரோ வயரிங்கோ பொய் சொல்கிறது. சென்சார் நுனியில் ஆயிலும் கரியும் கெட்டியாகப் படிந்திருப்பதும் சகஜம். கழற்றித் துடைத்துப் பார்க்கலாம்.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஸ்கேனர் காட்டுவது பெரும்பாலும் வளிமண்டலத்தையும் சேர்த்த முழு அழுத்தம். 180 என்று காட்டினால் பூஸ்ட் 80 கிலோபாஸ்கல்தான், அதாவது 0.8 பார், 11.6 பி.எஸ்.ஐ. மேனுவலில் 0.8 பார் என்று படித்துவிட்டு ஸ்கேனரில் 1.8 பார் பார்த்தவுடன் ஓவர்பூஸ்ட் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது ரோடு டெஸ்ட். வண்டி நன்றாகச் சூடான பிறகு, காலியான ரோட்டில், மூன்றாவது கியரில் 1500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக மிதித்து 4000 வரை கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பதிவு எடுக்கட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. ஐந்து எண்கள் போதும்: ஆர்.பி.எம்., ஈசியூ கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட், எம்.ஏ.எஃப். (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) காட்டும் காற்றின் அளவு, பூஸ்ட் கன்ட்ரோல் சாலினாய்டின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) டியூட்டி சதவீதம், அதாவது ஈசியூ அதை எவ்வளவு இயக்குகிறது என்ற விகிதம்.

பதிவைப் படிப்பதில்தான் வேலை இருக்கிறது. கேட்டது 220, வந்தது 160, டியூட்டி தன் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது என்றால் ஈசியூ தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டது, காற்றுதான் வரவில்லை. கசிவு, ஆக்சுவேட்டர் (வேன்களையோ வேஸ்ட்கேட்டையோ அசைக்கும் பாகம்), அடைப்பு, டர்போ என்று தேட வேண்டிய வழக்கு இது. கேட்டதே 150தான், வந்ததும் 150தான் என்றால் டர்போ பக்கம் போகவே வேண்டாம். ஈசியூவே குறைவாகக் கேட்கிறது. எரிபொருள் அழுத்தமோ, எம்.ஏ.எஃப். சென்சாரோ, வெப்பநிலையோ அதன் கையைக் கட்டியிருக்கிறது. டர்போ மாற்றியும் சரியாகாத வண்டிகளில் இந்த வகை கணிசமாக இருக்கும். பூஸ்ட் கேட்டதைத் தாண்டி மேலே பாய்ந்து, உடனே பவர் வெட்டப்பட்டால் அது பி0234, ஓவர்பூஸ்ட்.

எம்.ஏ.எஃப். எண்ணையும் பூஸ்ட் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பூஸ்ட் குறைவு, ஆனால் எம்.ஏ.எஃப். காட்டும் காற்று குறையவில்லை என்றால், அளந்து உள்ளே போன காற்று எஞ்சினை அடையும் முன் எங்கோ வெளியேறுகிறது. டீசலில் கறுப்புப் புகை வருவதும் பெரும்பாலும் இதனால்தான்: அளந்த காற்றுக்கு ஏற்ற டீசல் போய்விட்டது, காற்று மட்டும் போய்ச் சேரவில்லை.

<b>கசிவுச் சோதனை</b>

ஹோஸைக் கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ரப்பரில் விழும் கிழிசல் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். நிற்கும் வண்டியில் அது மூடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு தடயம் உண்டு. ஹோஸுக்குள் எப்போதும் ஆயில் பிசுக்கு கொஞ்சம் இருக்கும். காற்று கசிகிற இடத்தில் அந்த ஆயிலும் ஆவியாக வெளியே வரும், அதன் மேல் தூசி ஒட்டும். எனவே மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஒரு கிளாம்பைச் சுற்றியோ ஹோஸ் வளைவின் அடிப்பக்கத்திலோ மட்டும் கறுப்பாக ஈரம் தெரிந்தால் அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள்.

உறுதியாகத் தெரிய அழுத்தச் சோதனைதான் வழி. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் அளவான மூடி ஒன்றைப் போட்டு, அதன் வழியாக ரெகுலேட்டர் வைத்து காற்று கொடுக்க வேண்டும். 0.2 பாரில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றி, அந்த எஞ்சினின் வழக்கமான பூஸ்ட் அளவில் நிறுத்துங்கள்; 1 பாரைத் தாண்ட அவசியமே இல்லை. கிரான்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிக்கூடு) வாயுவை வெளியே கொண்டுவரும் பிரீத்தர் குழாய், மூடிக்கும் டர்போவுக்கும் இடையில் சேர்ந்தால் அதைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைத்துவிடுங்கள். மறந்தால் காற்று முழுவதும் கிரான்க்கேஸுக்குள் போய் டிப்ஸ்டிக்கைத் தள்ளும், ஆயில் சீலையும் தள்ளும்.

பிறகு சோப்புத் தண்ணீர். எல்லா கிளாம்பு, இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, சொருகு ஜாயின்ட்டுகளின் ஓ-ரிங், பெட்ரோல் வண்டியில் டைவர்டர் வால்வு (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் பூஸ்டை விடுவிப்பது), மேனிஃபோல்டு கேஸ்கட் என்று வரிசையாகத் தெளித்து நுரை வருகிறதா என்று பாருங்கள். சைலன்சர் வழியாகக் காற்றுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் சற்றுத் திறந்து நிற்கலாம். கிரான்க்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ஆயில் மூடி பக்கம் லேசாகக் கேட்பதும் ரிங் வழியே போகும் காற்று. கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

<b>ஆக்சுவேட்டர்: ஒரே கிழிசல், இரண்டு விதப் பலன்</b>

வாக்யூம் ஆக்சுவேட்டர் உள்ள விஜிடி (அசையும் வேன்கள் கொண்ட டர்போ) டீசலில், வாக்யூம் இழுக்கும்போது வேன்கள் குறுகி பூஸ்ட் ஏறும். டியூப் கிழிந்தால் வேன்கள் திறந்தே நிற்கும், பூஸ்ட் வராது. பூஸ்ட் அழுத்தத்தாலேயே திறக்கும் பழைய வகை வேஸ்ட்கேட் உள்ள பெட்ரோல் வண்டியில் நேர் எதிர். டியூப் கிழிந்தால் வேஸ்ட்கேட்டைத் திறக்க ஆளில்லை, பூஸ்ட் எல்லை மீறும். ஆகவே சோதிக்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வாக்யூமால் மூடும் வேஸ்ட்கேட் உள்ள பெட்ரோல் எஞ்சின்களும் உண்டு.

விஜிடி வாக்யூம் வகையில் செலவே இல்லாத சோதனை: ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், இன்னொருவர் ஆக்சுவேட்டர் ராடைப் பார்க்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ராடு உள்ளே இழுக்கப்பட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் கை வாக்யூம் பம்பை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டுங்கள். மெதுவாக இழுக்கும்போது ராடு நடுவில் சிக்காமல், ஒரே சீராகக் கடைசி வரை போக வேண்டும். விடும்போதும் அதே சீரில் திரும்ப வேண்டும். முழுதாக இழுத்து ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் ஓட்டை. முள் இறங்கவில்லை, ராடும் நன்றாகப் போகிறது என்றால் ஆக்சுவேட்டர் குற்றவாளி இல்லை, பின்னால் போங்கள். சாலினாய்டு, அதன் சின்ன ஃபில்டர், வெடிப்பு விழுந்த டியூப்புகள், கடைசியில் வாக்யூம் பம்ப். நல்ல பம்ப் கடல் மட்டத்தில் 0.8 முதல் 0.9 பார் வரை வாக்யூம் கொடுக்கும்.

ராடு பாதியில் தட்டி நின்று, பலமாக இழுத்ததும் குதித்துப் போனால் வேன்களில் கரி. குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே, குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். குளிர்ந்தபோது நன்றாக அசைந்து, சூட்டில் மட்டும் சிக்குவதும் உண்டு. அதனால் சூடாக இருக்கும்போதும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்ப்ரே அடித்து வேனைச் சுத்தம் செய்யும் வழிகள் பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. கரி மட்டும்தான் பிரச்சினை என்றால் சில காலம் ஓடும். வேன்களைத் திருப்பும் வளையமே தேய்ந்திருந்தால் எந்த ஸ்ப்ரேயும் உதவாது. ராடு நீளத்தையும் ஸ்டாப் ஸ்க்ரூவையும் மட்டும் கண் மதிப்பில் திருகாதீர்கள். அவை ஃபேக்டரியில் காற்றோட்டத்தை அளந்து வைத்தவை. பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரில் கேட்ட நிலையும் வந்த நிலையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே உள்ள பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்வது வழக்கமான நோய்.

டர்போவுக்கு முன்னும் பின்னும் உள்ள வாயுப் பாதையையும் மறக்க வேண்டாம். ஈஜிஆர் திறந்தே நின்றால் டர்பைனுக்குப் போக வேண்டிய வாயு குறுக்கு வழியில் திரும்பிவிடும். டீ.பி.எஃப். (டீசல் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அல்லது கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) அடைத்தால் வாயு வெளியேற வழியில்லாமல் டர்பைன் வேகம் எடுக்காது. டீ.பி.எஃப். அழுத்த வித்தியாசம் ஐட்லிங்கில் ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள் இருப்பது இயல்பு. ரேஸ் கொடுத்தால் ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும்.

<b>இப்போது டர்போ</b>

எஞ்சின் அணைந்து, நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் குழாயைக் கழற்றி விரலைக் கொண்டுபோகும் வேலையே வேண்டாம். நுழைவுக் குழாயை எடுத்துவிட்டு டார்ச் அடித்து கம்ப்ரசர் சக்கரத்தின் முன் விளிம்புகளைப் பாருங்கள். கத்தி போலக் கூராக இருக்க வேண்டும். உப்புத்தாள் தேய்த்தது போல மழுங்கியிருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டரோ அதன் பெட்டியோ சரியாக மூடவில்லை. ஒன்றிரண்டு பிளேடு வளைந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் ஏதோ கெட்டிப்பொருள் போயிருக்கிறது. டர்பைன் பக்கம் அடி என்றால் அது எஞ்சினிலிருந்து வந்தது: குளோ பிளக் நுனி, வால்வுத் துண்டு, மேனிஃபோல்டிலிருந்து உதிர்ந்த செதில். அதைத் தேடாமல் மூடக் கூடாது.

ஷாஃப்டை விரலால் சுற்றிவிட்டால் சிக்காமல் சுற்ற வேண்டும். அடுத்து ஆட்டம். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. ஆயில் அழுத்தம் இல்லாதபோது கைக்குத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு 'பேரிங் போச்சு' என்று நல்ல டர்போவைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். சரியான கேள்வி, ஷாஃப்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துச் சுற்றும்போது பிளேடு சுவரில் உரசுகிறதா என்பது. சுவரில் பளபளவென்று கீறல் வளையம் தெரிந்தாலே உரசியிருக்கிறது. முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் ஆட்டம் வேறு விஷயம். அது கைக்குத் தெரியவே கூடாது. டயல் கேஜில் 0.1 மி.மீ. அளவைத் தாண்டினால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த டர்போவுக்கான துல்லிய எல்லை மேனுவலில் இருக்கும்.

நீலப் புகையும் ஆயில் குறைவதும் இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது பிரீத்தரிலிருந்து வருவது, பயமில்லை. குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகினால்தான் பேச வேண்டும். அப்போதும், மேலே சொன்னதுபோல ரப்பர் சீல் இல்லாத அமைப்பு இது. ஆயில் கீழே இறங்கும் ரிடர்ன் பைப் நசுங்கினாலோ, உள்ளே கரி அடைத்தாலோ, சம்ப்பில் ஆயில் அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலோ, பிரீத்தர் அடைத்து கிரான்க்கேஸ் அழுத்தம் ஏறினாலோ, குறையில்லாத டர்போவும் ஆயிலைக் கக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கம்ப்ரசர் பக்கம் உறிஞ்சி இழுக்கும். ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, ஆனால் ஆயில் வருகிறது என்றால் இவற்றையெல்லாம் சரிசெய்யாமல் டர்போவைத் தொடாதீர்கள்.

டீசலில் இன்டர்கூலர் நிறைய ஆயில் தேங்கியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதே ஆபத்து. எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கும். காற்று நுழைவை உறுதியான பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது. இன்டர்கூலரை வடித்துச் சுத்தம் செய்த பிறகே ஸ்டார்ட்.

<b>மாற்றத்தான் வேண்டும் என்றால்</b>

கழற்றிய டர்போவில் ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பட்டினி. பேரிங்கில் வளையம் வளையமாகக் கீறல் என்றால் அழுக்கு ஆயில். உள்ளே கரிக்கட்டி என்றால் பழைய ஆயிலும், கடும் ஓட்டத்துக்குப் பிறகு ஐட்லிங் விடாமல் உடனே அணைத்த பழக்கமும். டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பைக் கழுவிப் போடுவதைவிடப் புதிதாகப் போடுவது மேல். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் வளைவுகளில் கரி ஒட்டியிருக்கும். அந்தப் பைப்பை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குள் (நடுவில் துளையுள்ள போல்ட்) சின்ன வலை ஃபில்டர் இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். இன்ஜெக்டர் வாஷர் கசிந்து கரி ஆயிலில் கலக்கும் எஞ்சின்களில் இந்த வலைதான் முதலில் அடைக்கும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் புதிது. இன்டர்கூலருக்குள் பழைய ஆயிலும் உலோகத் தூளும் இருக்கக் கூடாது. ஆயில் ஃபிளேஞ்சில் சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், கேஸ்கட் மட்டும். பிதுங்கிய பேஸ்ட் துண்டு ஒன்று போதும், ஆயில் துளையை அடைக்க.

ஃபீட் பைப்பை மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் புது எஞ்சின் ஆயிலை ஊற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிவிடுங்கள். எரிபொருளைத் துண்டித்துவிட்டு 10 முதல் 15 விநாடி செல்ஃப் அடியுங்கள். ஆயில் அழுத்தம் ஏறட்டும். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங், அந்த நேரத்தில் ஜாயின்ட்டுகளில் கசிவு பார்க்கலாம். எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரில் காலிப்ரேஷன் செய்ய வேண்டும்.

கடைசியாக அதே ரோட்டில், அதே மூன்றாவது கியரில், 1500 முதல் 4000 வரை மறுபடி ஒரு பதிவு எடுத்து பழைய பதிவோடு பக்கத்தில் வையுங்கள். பூஸ்ட் கேட்டபடி வந்தும் டியூட்டி இன்னும் உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு கிளாம்பு இன்னும் கசிகிறது.